விழ வேண்டிய சுவர்

மில்லின் குடோன் சுவர் விழப்போகிறது என்று சங்கரலிங்கம் சொன்னபோது, அவர் மனைவி சொர்ணலதாவுக்கு முதலில் தோன்றியது ‘விழுந்தால் தேவலை’ என்பதுதான். தோன்றிய மறுகணமே குடோனுக்குள் இருக்கிறவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். குடோனுக்குள் ஐந்து பெண்கள் நெல் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மகன் வினோத்ராஜும் அங்கேதான் நின்றான். பெற்றவளுக்கு வருகிற நினைப்பா இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் நினைப்பு போகவில்லை. சுவர் விழுந்தால் புருஷனுக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்று ஆகும். விழாவிட்டால், ஆடி மாதத்திலிருந்து யாரிடமும் சொல்லாமல் அவள் வயிற்றுக்குள் வைத்திருக்கும் பயம் நிஜமாகிவிடும்.

ஐப்பசி அடைமழை. மேகமலை இருந்த திக்கில் மலையையே காணோம். முதல் போக அறுப்பு நேரத்தில் வானம் இப்படிப் பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கத்தில் விவசாயிக்கும் சோறு இறங்காது, மில்காரனுக்கும் இறங்காது. அறுப்பு மெஷின் ஈர நெல்லைக் கொட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடும். காயப்போட வெயில் கிடையாது. எல்லா நெல்லும் டிராக்டரில் ஏறி மில் குடோனுக்கு வந்துவிடும். சங்கரலிங்கம் மில் குடோனில் கொட்டிக் குவித்த நெல் அம்பாரம் கூரையை எட்டிப் பார்க்கிற உயரத்துக்கு ஏறி நின்றது. ஈரச் சாக்கு வாடையும் தொட்டியில் ஊறுகிற நெல்லின் புளிப்பு வாடையும் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்தன. மில்லும் வீடும் ஒரே காம்பவுண்டு.

அன்று காலை இட்லிக்கு மொச்சைக் குழம்பு. சங்கரலிங்கத்துக்கு மொச்சை என்றால் உயிர். ஒரு இட்லி தின்றவர் கையைக் கழுவாமலே எழுந்து வாசலுக்குப் போனார். குடோனையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து நிதானமாகச் சொன்னார்.

“சொவரு விழப்போகுது. பொம்பளைகளை வெளிய வரச் சொல்லு.”

“எந்தச் சொவருங்க?”

“மேக்காலச் சொவரு. அம்பாரம் சாஞ்சு கெடக்குல்ல, அதுதான்.”

“எப்ப விழும்?”

“இன்னைக்குத்தான். உச்சிப்பொழுது தாண்டாது.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் சொர்ணலதா சிரித்திருப்பாள். சொன்னது சங்கரலிங்கம். அம்பாரத்தைப் பற்றியும் சுவரைப் பற்றியும் அவருக்குத் தெரிந்ததைப் போல இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் ரொம்பப் பேர் கிடையாது. இது பெண்டாட்டியின் பெருமை இல்லை, படித்தவர்கள் சொல்வது.

எங்கள் ஊரில் அவருக்கு ‘அம்பாரம்’ என்றே பெயர். அம்பாரம் வீடு எது என்று கேட்டால் தெருநாய்கூட வழி காட்டும். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் அப்பா மில்லில் உட்கார்த்தி வைத்தார். சேக்காளிகள் சினிமாவுக்குப் போனபோது இவர் மதுரைக்கு பஸ் ஏறிப் போய், பழைய புத்தகக் கடைகளில் கால்குலஸ் புத்தகங்களையும் பௌதிகப் புத்தகங்களையும் மூட்டையாக வாங்கி வந்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புரிகிறவரை விடாமல் படித்தார். நெல்லைக் குவித்தால் உச்சிக்கு நேர் கீழேதான் பாரம் அதிகம் என்று நீங்களும் நானும் நினைப்போம். அப்படி இல்லையாம். மணிகள் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்துப் பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடுமாம். எந்த இடத்தில், எவ்வளவு தள்ளும் என்பதற்கு அவர் ஒரு சமன்பாடு எழுதினார். வெளிநாட்டுக்கு அனுப்பினார், திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினார், மறுபடி வந்தது. தபால்காரரே சலித்துப்போன பிறகு ஒரு பத்திரிகை அதைப் போட்டது. இன்றைக்கு அந்தச் சமன்பாட்டுக்கே அவர் பெயர்தான். எங்கேயோ கடல் தாண்டி, கோதுமைக் கிடங்கு கட்டுகிறவர்கள் அதை வைத்துத்தான் சுவரின் கனத்தை முடிவு செய்கிறார்களாம். அது என்னவென்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் விளங்காது. ஆனாலும் டீக்கடையில் பெருமைக்குக் குறைச்சல் இல்லை.

அவர் யோசிக்கிற விதமே தனி. களத்தில் நெல் காயும்போது பெண்கள் காலால் துழாவிக்கொண்டே நடப்பார்கள் அல்லவா, அவரும் நடப்பார். ஒரு மூலையில் நின்று கால் கட்டைவிரலால் நெல்லில் கோடு இழுப்பார், வளைவு போடுவார், எழுத்து எழுதுவார். அந்த மூலையைப் பெண்கள் துழாவாமல் விட்டுவிடுவார்கள். அந்த இடத்து நெல் மட்டும் ஒரு பக்கம் காய்ந்தும் ஒரு பக்கம் ஈரமாகவும் கிடக்கும். அரைத்தால் குருணையாகப் போகும். போகட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

ஆடி மாதம் ஒருநாள் களத்தில் நின்றபடி அவர் சொர்ணலதாவிடம் கேட்டார்: “இது மொத போகமா, ரெண்டாம் போகமா?”

எங்கள் பள்ளத்தாக்கில் பால்குடி மறந்த பிள்ளைகூட இதைக் கேட்காது. லோயர் கேம்பில் முதல் போகத்துக்கு அணைத் தண்ணீர் திறந்து, நாற்றுவிட்டு, நடவும் முடிந்திருந்த நேரம் அது. விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு பயம் இருந்தது. அது அப்படியே அவளுக்குத் தொற்றிக்கொண்டது. அதிலிருந்து அவள் அவருக்குப் பின்னாலேயே நடந்தாள். அவர் மறந்ததை எடுத்துக் கொடுத்தாள், தப்பாகச் சொன்னதைப் பேச்சோடு பேச்சாகத் திருத்தினாள், ஆட்கள் வந்தால் ‘அவுக யோசனையில இருக்காக’ என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பெரிய மனிதர்களின் மறதியை ஊர் குறையாக நினைப்பதில்லை. அது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

இப்போது அவர் குடை கூட எடுக்காமல் குடோன் வாசலில் போய் நின்றுகொண்டார். கூடையோடு வெளியே வந்த ஒரு பெண்ணைத் திரும்ப உள்ளே விடவில்லை. வினோத்ராஜ் ஓடி வந்தான்.

“அப்பா, இது பில்லர் போட்டு எழுப்புன சொவருப்பா. லாரி மோதுனாலும் அசையாது.”

“விழும்யா. வெடிப்பு விட்டுருக்கு. நான் பாத்தேன்.”

“எங்கன வெடிப்பு? காட்டுங்க.”

“உள்ள. கீழ. தரையில இருந்து ஒரு முழம் மேல. கை வச்சா குளுகுளுன்னு காத்து வருது.”

வினோத்ராஜ் உள்ளே போய், சுவரை ஒட்டித் தெரிகிற இடமெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தான். “ஒண்ணும் இல்லப்பா. அம்பாரத்தை வெளிய தள்ளச் சொல்றீகளா? எங்கன கொண்டுபோயிக் கொட்டுறது? ரெண்டு நாள் நனைஞ்சா முளை விட்டுரும். ஊரான் நெல்லுப்பா. நம்மளை நம்பி எறக்கியிருக்காக.”

“நெல்லு போனாப் போகுது.”

சொர்ணலதா மகனைத் தனியே அழைத்துப் போனாள். பாய்லர் பக்கம் சூடாக இருந்தது.

“ஏலே, ஒங்கப்பா சொல்லி இதுவரைக்கும் எது தப்பியிருக்கு? ஆளுகளை மட்டும் வெளிய எடுத்துரு. நெல்லு கெடக்கட்டும்.”

“எடுக்கிறேம்மா. இன்னைக்கு எடுக்கிறேன். நாளைக்குப் பாய்லர் வெடிக்கும்னு சொல்வாக. மறுநாள் கூரை விழும்னு சொல்வாக. மில்லைப் பூட்டிட்டு உக்காருவமா?”

“ஏன்டா இப்படிப் பேசுற?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “ஒங்கட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். கொஞ்ச நாளா என்னைய ‘அய்யா’ன்னு கூப்பிடுறாகம்மா. அவுக அப்பாவைக் கூப்பிடுற மாதிரி. நேத்து லோடு எறங்கயில, ‘அய்யா, நான் பரிச்சை எழுதட்டுமா’ன்னு கேட்டாக.”

சொர்ணலதாவுக்கு விளங்கிவிட்டது. தான் ஒருத்தி மட்டும் சுமப்பதாக நினைத்ததை மகனும் சுமந்திருக்கிறான். ஒரே வீட்டில், ஒரே தட்டில் சோறு பிசைந்துகொண்டு, ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறார்கள்.

“நீ என்னலே சொன்ன?”

“எழுதுங்கன்னு சொன்னேன்.”

அவள் செல்போனை எடுத்து ஜெபஷீலாவுக்குப் போட்டாள். ஜெபஷீலா போடி ஏலக்காய் வியாபாரியின் மகள். சென்னையில் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிற பேராசிரியை. கல்லூரிக் காலத்தில், தன் புத்தகத்தில் அச்சாகியிருந்த பெயருக்கு உரியவர் பக்கத்து ஊரில் நெல் அவிக்கிறார் என்று கேள்விப்பட்டு, நம்பாமல் பார்க்க வந்தவள். பிறகு அவர் சமன்பாட்டிலேயே டாக்டர் பட்டம் வாங்கினாள். அவர் பெயர் இன்றைக்கு வெளியில் நிற்கிறது என்றால் அதில் அவள் எழுதியவற்றுக்கும் பங்கு உண்டு. தீபாவளி விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாள். மழையில் காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

சொர்ணலதா அவளைக் காரிலிருந்து இறங்கவே விடவில்லை. ஜன்னல் வழியாகவே பேசினாள்.

“ஷீலா, நீ போயி அவுகளோட பேசு. என்ன கேப்பியோ கேளு. பேசிட்டு எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவுக புத்தி நெலையா இருக்கா, இல்லையா. எனக்குத் தெரியணும். ஒனக்குத்தான் அந்தப் பாஷை தெரியும்.”

“என்னம்மா, அய்யாவைப் போயி இப்படிச் சொல்றீக?”

“நீ போ தாயி.”

களத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் கொஞ்சம் நெல் பரப்பியிருந்தது. சங்கரலிங்கத்தைச் சமாதானம் சொல்லி அங்கே கூட்டி வந்தார்கள். வேட்டி முழங்கால் வரை நனைந்து ஒட்டியிருந்தது. ஜெபஷீலாவைப் பார்த்ததும் “வாம்மா” என்றார். அதை யாரைப் பார்த்தாலும் சொல்வார். அவளை அடையாளம் தெரிந்ததா என்று சொர்ணலதாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“எதனால விழும்ங்கிறீக அய்யா?” என்று ஜெபஷீலா கேட்டாள்.

அவர் காலை நீட்டி, கட்டைவிரலால் நெல்லில் ஒரு கோடு இழுத்தார். இது தரை. இது சுவர். இது அம்பாரத்தின் சரிவு. பிறகு கொட்டகையில் மழைச் சத்தமும் அவர் குரலும் மட்டும்தான். ஜெபஷீலா ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நடுவில் ஒருமுறை வேண்டுமென்றே மடக்கினாள்.

“நெல்லு ஈரமா இருக்கே அய்யா. ஈரத்துல மணி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிருமே. ஒட்டுனா சரியாதே. அப்ப சொவத்துக்குப் பாரம் கொறையணும்ல?”

“கொறையும். மொத நாளு கொறையும். அதைப் பாத்துத்தான் ஏமாந்துருவாக. ஒட்டுறது ஒரு அளவோட நின்னு போகும்மா. கனம் நிக்குமா? தண்ணி குடிக்கக் குடிக்க மணி ஊதும். ஊதுனா எங்கிட்டுப் போகும்? தரை விடாது. சொவத்தைத்தான் தள்ளும்.” சுவருக்கான கோட்டில், தரையிலிருந்து கொஞ்சம் மேலே விரலால் குத்தினார். “இந்த எடத்துல. வேற எடத்துல உடையாது.”

அவள் மேலும் மேலும் கேட்டாள். அவர் ஒன்றுக்கும் திணறவில்லை. அவர் எழுதியதை அவள் செல்போனில் போட்டுச் சரிபார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. எழுந்து வந்து சொர்ணலதாவின் கையைப் பிடித்தாள்.

“பயப்படாதீகம்மா. அய்யா தெளிவா இருக்காக. ஒரு எடத்துல பிசகலை. இந்த மாதிரி வரிசையா என்னாலகூட சொல்ல வராது.”

சொர்ணலதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று மாசத்துப் பயமும் ஒரே மூச்சில் இறங்கினாற்போல இருந்தது. கும்பிடுவதற்குக் கையைத் தூக்கியவள், பாதியிலேயே நிறுத்தினாள். புத்தி சரி என்றால் அவர் சொன்னதும் சரி. அவர் சொன்னது சரி என்றால் சுவர் விழப்போகிறது. மகன் திரும்பவும் உள்ளே போயிருந்தான், பெண்கள் ஐந்து பேரும் உள்ளேதான்.

அவள் மழையில் ஓடினாள். செருப்பு சகதியில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினாள்.

“வினோத்து, வெளிய வாடா. பஞ்சு, எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வெளிய வா. கூடையைப் போடுங்கடி. வாங்க.”

பஞ்சம்மாள்தான் அந்தப் பெண்களுக்கு மூத்தவள். மில்லிலேயே வளர்ந்தவள். என்ன ஏது என்று கேட்காமல் மற்ற நால்வரையும் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். வினோத்ராஜும் வந்தான். மோட்டாரை நிறுத்தினார்கள். மில் ஓடிக்கொண்டே இருந்து நின்றால் காதே அடைத்துப்போன மாதிரி இருக்கும். அந்த அமைதியில் எல்லோரும் கொட்டகைக்குள் ஒண்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். சுவர் மழையில் நனைந்துகொண்டு நின்றது. இளையவள் ஒருத்தி பஞ்சம்மாளின் முந்தானையைப் பிடித்தாள்.

“அக்கா, நெசமாவே விழுமாக்கா?”

“மொதலாளி சொன்னா விழும்டி. பேசாம நில்லு” என்றாள் பஞ்சம்மாள்.

ஜெபஷீலா மட்டும் குடையை எடுத்துக்கொண்டு போனாள். தள்ளி நின்றே சுவரைச் சுற்றி நடந்தாள். போனபோது வேகமாகப் போனவள் திரும்பும்போது ஒவ்வொரு அடியாக வந்தாள். குடையை மடக்காமலே கொட்டகைக்குள் நின்றாள்.

“அம்மா, அய்யா சொன்ன சொவத்துல பில்லரே இல்லம்மா.”

“என்ன தாயி சொல்ற?”

“ஒண்ணரைக் கல்லு அகலம்னு சொன்னாக. செம்மண் சாந்து வச்சுக் கட்டுனதுன்னு சொன்னாக. நான் பேச்சு சுவாரசியத்துல அதைக் கவனிக்காம கணக்கை மட்டும் பாத்தேன். அந்தச் சொவருன்னா விழும். இந்நேரம் விழுந்திருக்கும். இது கான்கிரீட்டு. இதுக்கு ஒண்ணும் ஆகாது. அவுக கணக்குல தப்பு இல்ல. ஆனா, இந்தச் சொவத்தை அவுக பாக்கவே இல்லம்மா.”

சொர்ணலதாவுக்கு அவள் சொன்னது முழுதாகப் புரியவில்லை. புரிந்த மட்டும் போதுமாக இருந்தது. வினோத்ராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான்.

பஞ்சம்மாள்தான் பேசினாள்.

“செம்மண் சாந்துச் சொவரு பழைய குடோனும்மா. இதே எடத்துல இருந்துச்சு. மேல தகரம் போட்டிருந்தாகளாம். எங்க ஆத்தா அதுலதான் செத்தா.”

சொர்ணலதா கல்யாணமாகி வருவதற்கு ரொம்ப முந்திய கதை அது, அந்த வீட்டில் யாரும் பேசாதது. இதேபோல ஒரு ஐப்பசி மழை. இதேபோல உள்ளே ஐந்து பெண்கள். சங்கரலிங்கம் அப்போது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு மில்லில் உட்கார்ந்திருந்த விடலை. காலையில் சுவரில் வெடிப்பைப் பார்த்து அவர் அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் அப்பா சிரித்திருக்கிறார். உச்சிப்பொழுதுக்குள் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்தது, தகரம் உள்ளே இறங்கியது, அம்பாரம் சரிந்தது. நான்கு பெண்கள் வந்துவிட்டார்கள். பஞ்சம்மாளின் ஆத்தா பவுனு வரவில்லை. நெல்லை விலக்கி அவளை எடுக்கச் சாயங்காலம் ஆயிற்று. ஏன் விழுந்தது என்று கேட்டதற்குக் கொத்தனார் ஒன்று சொன்னார், பூசாரி ஒன்று சொன்னார், பெரிய மனிதர்கள் விதி என்றார்கள். அடுத்த வாரம்தான் சங்கரலிங்கம் மதுரைக்கு முதல்முதலாகப் பஸ் ஏறியது.

புருஷன் வாழ்நாளெல்லாம் கணக்கை ஆசைப்பட்டுப் படித்தார் என்று சொர்ணலதா நினைத்திருந்தாள். பிள்ளை பிறந்தபோதும், மாமனார் செத்தபோதும்கூட நெல்லில் கோடு போட்டுக்கொண்டு நின்றாரே என்று எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறாள். ஆசை எங்கே இருந்தது? பயந்தல்லவா படித்திருக்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“அவுக எங்க?” என்று ஜெபஷீலா கேட்டாள்.

கொட்டகையில் சங்கரலிங்கத்தைக் காணோம். நெல்லில் அவர் போட்ட கோடுகளை மிதித்துக்கொண்டு போன கால்தடம் குடோன் பக்கம் போயிருந்தது.

வாசலுக்கு ஓடினார்கள். உள்ளே அரை இருட்டு. சங்கரலிங்கம் அம்பாரத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தார். தாழ்ந்த பக்கமாக ஏறி, மேற்குச் சுவரை நோக்கித் தவழ்ந்து போய்விட்டார். அந்தச் சுவரை ஒட்டிய வாசல் பக்கம் பெண்கள் அடியில் அள்ளி அள்ளி, நெல் ஆளுயரத்துக்கு மேல் செங்குத்தாக நின்றது. காய்ந்த நெல் அப்படி நிற்காது, அள்ளும்போதே சரிந்துவிடும். ஈர நெல் நிற்கும். நின்றபடி நின்று, சொல்லாமல் கொள்ளாமல் மொத்தமாக இறங்கும். அதன் விளிம்புக்குப் பக்கத்தில்தான் அவர் இருந்தார்.

“அப்பா, எறங்கி வாங்க. மெதுவா வாங்கப்பா.”

“அய்யா, பவுனு இன்னும் வரல” என்று மேலேயிருந்து பதில் வந்தது. குரல் கிழவர் குரல்தான். பேசியது ஒரு விடலைப் பையன். “நாலு பேரு வந்துருச்சு. பவுனைக் காணோம். நான் சொன்னேன், நீங்க கேக்கல.”

வினோத்ராஜ் நெல்லில் கால் வைத்தான். பொலபொலவென்று ஒரு மடி நெல் உதிர்ந்து அவன் முழங்காலை மூடியது. பஞ்சம்மாள் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“ஏறாதீக தம்பி. ரெண்டு ஆளு கனம் தாங்காது. மொதலாளியும் சேந்து உள்ள போயிருவாக.”

“அப்ப என்னக்கா செய்யிறது?”

மேலே சங்கரலிங்கம் இரண்டு கையாலும் நெல்லைத் தோண்ட ஆரம்பித்திருந்தார். நாய் மண்ணைப் பறிக்கிற வேகம். தோண்டத் தோண்ட அவர் இருந்த இடம் இறங்கியது. இடுப்பு வரை புதைந்துவிட்டார். சொர்ணலதா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லாதவள். அவர் திரும்பவில்லை. அந்தக் காலத்தில் அவள் இல்லை, அவர் ஏன் திரும்பப்போகிறார்? ‘சாமி, சொவரு நிக்கட்டும், புத்தி போனாலும் போகட்டும், ஆளை மட்டும் குடுத்துரு’ என்று மனதுக்குள் அரற்றினாள்.

பஞ்சம்மாள் கதவோரம் கிடந்த சாக்கை எடுத்து ஒரு மூலையை மடக்கிக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டாள். ஏன் போட்டாள் என்று பிறகு கேட்டதற்கு அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் மழைக்கு அப்படித்தான் போடுவார்கள். அவள் வெளியே மழையில் இறங்கி, வாசலுக்கு நேராக, அவர் கண்ணில் படுகிற இடத்தில் நின்றாள்.

“சின்ன மொதலாளி” என்றாள்.

பழைய ஆட்கள் அவரை அப்படிக் கூப்பிட்டதாகக் கேள்விதான். சத்தம் எழும்பவில்லை. இன்னும் உரக்க மறுபடி கூப்பிட்டாள்.

“சின்ன மொதலாளி, நான் பவுனு. வெளிய வந்துட்டேன். இந்தா நிக்கிறேன் பாருங்க.”

தோண்டுகிற கை நின்றது. சங்கரலிங்கம் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

“பவுனா?”

“ஆமா. நீங்க கூப்பிட்டீகன்னு வந்துட்டேன். நீங்களும் வாங்க. போன வழியாவே வாங்க. இந்தப் பக்கம் வேண்டாம்.”

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு, தவழ்ந்து, ஏறிய பக்கமாகவே திரும்பினார். விளிம்பிலிருந்து நெல் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் மகனின் கைக்கு எட்டினார். வினோத்ராஜ் அவரைக் குழந்தையைத் தூக்குவதைப் போலத் தூக்கி வெளியே கொண்டுவந்தான்.

சொர்ணலதா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகக்கண்ணில் ரத்தம். அவள் பிடித்ததை அவர் கவனிக்கவில்லை. பஞ்சம்மாளிடம் போய் நின்றார்.

“கூப்பிட்டா ஒடனே வரணும்ல. எம்புட்டு நேரம் தேடுறது ஒன்னைய?”

“தப்புத்தான் சின்ன மொதலாளி.”

“அஞ்சு பேரும் வந்தாச்சா?”

“வந்தாச்சு.”

“அப்ப சரி. இனிமே விழட்டும்.” சுவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். நின்றவர் காதைத் தீட்டிக்கொண்டு எதையோ கேட்டார். முகம் கனிந்துவிட்டது. “ஒன் புள்ள அழுகுது பாரு. எந்நேரமாக் கத்துதோ. வேப்பமரத்துத் தொட்டில்லதான போட்டிருக்க? போயிப் பாலைக் குடுத்து அமத்து. போ.”

காம்பவுண்டு சுவரோரம் வேப்பமரம் இருந்த இடத்தில் இப்போது லாரி எடைமேடை இருக்கிறது. பஞ்சம்மாள் அதைப் பார்த்தாள். சுவர் விழுந்தபோது அவள் கைப்பிள்ளை. தாய்முகம் தெரியாது. ஆத்தா தன்னை எங்கே போட்டுவிட்டு வேலைக்குப் போனாள் என்று இத்தனை வயசுக்கும் ஒருத்தரும் அவளிடம் சொன்னதில்லை.

“இந்தா போறேன் சின்ன மொதலாளி” என்றாள்.

சாக்கை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு மழையில் நடந்து போனாள். எடைமேடை இரும்பின் மேல் அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தாள். அவள் தோள் குலுங்குவது கொட்டகையிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

சங்கரலிங்கம் தலையைச் சாய்த்து இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார்.

“புள்ள அமந்துருச்சு” என்றார்.